பாடக்குறிப்பில் ஆசிரியரின் பாட அறிவையும் கற்பிக்கும் முறையையும் மதிப்பிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தமிழ் கற்பிப்பவர்களையும், அவர்களுடைய பாடக்குறிப்புகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பில் இருப்பவர்களையும் மனத்தில் கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. நான் இரண்டு பக்கத்திலும் இருந்தவன். முதலில் என் குறிப்புகளைப் பிறர் பார்த்தார்கள். பிறகு பிறர் குறிப்புகளை நான் பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டாவது வேலைதான் கடினம் என்பது என் அனுபவம்.

பாடக்குறிப்பை மட்டும் படித்து ஓர் ஆசிரியரின் பாட அறிவை மதிப்பிட முடியுமா?

ஓரளவு முடியும். ஆனால், குறிப்பின் எந்தப் பகுதியைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது அமையும். கற்றல் நோக்கங்கள் பெரும்பாலும் பாடத்திட்டத்திலிருந்தோ ஆசிரியர் கையேட்டிலிருந்தோ எடுத்து எழுதப்படுபவை. அவை எல்லாருடைய குறிப்பிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். ஆசிரியர் தாமே யோசித்து எழுத வேண்டிய இடங்கள் மூன்று: எடுத்துக்காட்டுகள், கேட்கப்போகும் வினாக்கள், மாணவர் எங்கே தடுமாறுவார் என்ற முன்னுணர்வு. பாட அறிவு வெளிப்படுவது அந்த மூன்றில்தான்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் பெயரெச்சம் பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். நான்கு குழு நடவடிக்கைகள், வண்ண அட்டைகள், நிமிடக் கணக்கு எல்லாம் அதில் இருந்தன. மேற்பார்வையாளரின் பாராட்டும் கிடைத்தது. பெயரெச்சம் காலம் காட்டும் என்று விளக்கம் எழுதிவிட்டு, ‘வந்த’, ‘பாடிய’ என்பவற்றோடு ‘நல்ல’ என்பதையும் எடுத்துக்காட்டாகச் சேர்த்திருந்தேன். வகுப்பில் ஒரு மாணவன், “ஐயா, ‘நல்ல பையன்’ எந்தக் காலம்?” என்று கேட்டான். காலத்தை வெளிப்படையாகக் காட்டும் தெரிநிலைப் பெயரெச்சத்தையும் அப்படிக் காட்டாத குறிப்புப் பெயரெச்சத்தையும் நான் பிரித்து யோசிக்கவில்லை என்பது அந்த ஒற்றைக் கேள்வியில் தெரிந்துபோயிற்று. அந்தப் பிழை குறிப்பின் முதல் பக்கத்திலேயே கண்ணெதிரே இருந்தது. பாராட்டியவரும் பார்க்கவில்லை, எழுதிய நானும் பார்க்கவில்லை.

பாட அறிவும் கற்பிக்கும் முறையும் தனித்தனியே மதிப்பிட வேண்டியவையா?

தனித்தனியே பெயரிட்டு, ஒன்றாகப் பார்க்க வேண்டியவை. இலக்கண நூலான நன்னூலின் முன்னுரைப் பகுதியாகிய பொதுப்பாயிரம் ஆசிரியருக்கு வேண்டியவற்றை அடுக்கும்போது ‘கலைபயில் தெளிவு’ என்றும் ‘கட்டுரை வன்மை’ என்றும் இரண்டாகச் சொல்கிறது. முன்னது கற்றவற்றில் உள்ள தெளிவு; பின்னது அதை எடுத்துரைக்கும் வல்லமை. ஆசிரியராகத் தகாதவருக்கு அந்நூல் தரும் உவமைகளில் ஒன்று கழற்குடம். கழற்காய்களைப் போட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால் அவை போட்ட வரிசையில் வெளிவருவதில்லை. அப்படிப்பட்ட ஆசிரியரிடம் சரக்கு இருக்கிறது, வரிசைதான் இல்லை. இதைவிடச் சுருக்கமாகப் பாடத் திட்டமிடலின் சிக்கலைச் சொன்னவர் யாரையும் நான் அறியேன்.

அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் வெளியிட்ட கட்டுரையில் இதே சிக்கலை வேறொரு வழியாக அணுகினார். 1875இல் கலிஃபோர்னியாவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்த தேர்வை அவர் எடுத்துக்காட்டினார். அதில் ஏறத்தாழ எல்லாக் கேள்விகளும் பாட அறிவையே சோதித்தன. நூறாண்டு கழித்து, 1980களில், ஆசிரியர் மதிப்பீடு வகுப்பை நடத்தும் திறன்களின் பக்கம் முழுமையாகச் சாய்ந்து, பாடப்பொருளைப் பற்றிய கேள்வியே மறைந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப்போன ஓர் அறிவு உண்டு என்றார் அவர்: குறிப்பிட்ட ஒரு பாடப்பொருளைக் குறிப்பிட்ட மாணவர்களுக்குப் புரியும் உருவில் மாற்றித் தரும் அறிவு. எந்த உவமை பொருந்தும், எந்த எடுத்துக்காட்டு குழப்பும், எந்தத் தவறான எண்ணத்தோடு மாணவர் வகுப்புக்குள் வருகிறார் என்பவை அதில் அடங்கும். மாணவர் ‘கொள்வகை’ அறிந்து பாடம் சொல்ல வேண்டும் என்ற நன்னூலின் கருத்தும் இதன் அருகில்தான் நிற்கிறது.

அந்த நடு அறிவு ஒரு குறிப்பில் எப்படித் தெரியும்?

தொடக்கநிலை 4இல் இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’யைக் கற்பிக்க எழுதிய இரண்டு குறிப்புகளை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாகப் பார்த்த குறிப்புகளைக் கலந்து நான் அமைத்தவை இவை.

முதல் குறிப்பில் விதி இருக்கிறது, கோடிட்ட இடம் நிரப்பும் பத்து வாக்கியங்கள் இருக்கின்றன, விடைகளும் சரி. சொற்கள் வரும் வரிசை: வீடு, அம்மா, மரம், ஆறு, பெட்டி. இரண்டாம் குறிப்போ ‘பெட்டியை’, ‘பாலை’ என்று சொல்லின் உரு பெரிதும் மாறாத இடங்களில் தொடங்குகிறது. அங்கிருந்து, சொல்லுக்கும் உருபுக்கும் இடையே ‘அத்து’ என்ற சாரியை பெறும் ‘மரத்தை’, ‘பணத்தை’ என்பவற்றுக்குப் போகிறது. ஒற்று இரட்டிக்கும் ‘வீட்டை’, ‘ஆற்றை’ என்பவற்றைக் கடைசியில் வைக்கிறது. இரண்டு ஆசிரியர்களுக்கும் இலக்கணம் தெரியும். ஆனால், இச்சொற்கள் மூன்று இனங்களாகப் பிரிகின்றன என்பதைக் கண்டு, அந்தப் பிரிவைக் கற்பிக்கும் வரிசையாக மாற்றியவர் ஒருவர்தான். முதல் குறிப்பில் குடம் கவிழ்ந்திருக்கிறது.

இரண்டாம் குறிப்பின் ஓரத்தில் இன்னும் சில வரிகள் உள்ளன. மாணவர் சிலர் ‘மரமை’, ‘வீடை’ என்று எழுதக்கூடும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பேச்சில் ‘மரத்த’, ‘வீட்ட’ என்று சரியாகவே சொல்கிறார்கள், ஆகவே முதலில் பேசவைத்துப் பிறகு எழுதவைக்கலாம் என்பது ஒன்று. ஆங்கிலமே பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு ‘நான் அண்ணன் பார்த்தேன்’ என்ற வாக்கியம் பிழையாகவே தோன்றாது என்பது இன்னொன்று. ஆங்கிலத்தில் செயப்படுபொருளைக் காட்டுவது அச்சொல் நிற்கும் இடம். தமிழில் அதைக் காட்டுவது உருபு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் 5 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். தமிழைச் சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர். இந்தச் சூழலில், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பிழை இயல்பாக வரும் என்று முன்கூட்டி எழுதுவதற்கு மொழியறிவும் வேண்டும், பிள்ளையறிவும் வேண்டும்.

மூன்றாவது வரிதான் என்னை நிமிர்ந்து உட்காரவைக்கும். ‘நான் புத்தகம் படித்தேன்’, ‘நான் புத்தகத்தைப் படித்தேன்’ இரண்டும் சரிதானே என்று ஒரு மாணவர் கேட்கலாம் என அந்த ஆசிரியர் எழுதியிருக்கிறார். இரண்டும் சரிதான். அஃறிணைப் பொருளில் உருபு மறைந்தும் வரும். குறிப்பிட்ட ஒரு புத்தகத்தைச் சொல்லும்போது வெளிப்படும். ஆட்களைக் குறிக்கும் பெயரில் அப்படி மறைக்க முடியாது. ‘அண்ணனைப் பார்த்தேன்’ என்றே சொல்ல வேண்டும். 10 வயதுப் பிள்ளைக்கு இதை விதியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கேள்வி எழுந்தால், “அதெல்லாம் அப்படித்தான்” என்று கடந்துபோகாத அளவுக்கு ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விட்டுவிடுவதும் அறிவுதான். ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்பதில் வரும் ‘ப்’ இன்று விளக்கப்படாது, பலகையில் சரியாக எழுதிக் காட்டப்படும், அவ்வளவுதான் என்று அக்குறிப்பு சொல்கிறது. ஒரே மணி நேரத்தில் உருபையும் வல்லினம் மிகுதலையும் சேர்த்துத் திணித்த குறிப்புகள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றை எழுதியவர்களும் இலக்கணம் நன்கு அறிந்தவர்களே.

கற்பிக்கும் முறையை எதைக் கொண்டு மதிப்பிடுவது? குழு நடவடிக்கை இருந்தால் நல்ல குறிப்பா?

முறைகளின் பெயர்களை எண்ணி மதிப்பெண் தருவது எளிது, பயனில்லை. நோக்கத்தில் உள்ள வினைச்சொல்லையும் நடவடிக்கையில் மாணவர் உண்மையில் செய்யும் வினையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘மரபுத்தொடரைச் சூழலுக்கேற்பப் பயன்படுத்துவர்’ என்பது நோக்கம்; நடவடிக்கையில் மாணவர் 25 நிமிடம் படம் வரைந்து வண்ணம் தீட்டுகிறார்கள் என்றால், அந்த வகுப்பில் நடப்பது ஓவியம். நான் கேட்கும் இன்னொரு கேள்வி: இந்த நடவடிக்கையை எடுத்துவிட்டால் மாணவர் எதை இழப்பார்? குறிப்பெழுதியவர் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடிந்தால் அது அங்கே இருக்க வேண்டியதுதான்.

பேச்சுப் பயிற்சிப் பாடங்களில் முறையும் அறிவும் ஒன்றாகவே சறுக்குவதைப் பார்க்கலாம். 2005இல் வெளிவந்த தமிழ்ப் பாடத்திட்ட, கற்பித்தல் முறை மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, தரமான பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. இருந்தும் உரையாடல் பாடத்துக்கான குறிப்பில் ‘நான் நேற்றுக் கடைக்குச் சென்றேன்’ என்று மாணவர் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதாக எழுதியிருந்தால், அங்கே ஏதோ தவறு. யாரும் தம் தாத்தாவிடம் அப்படிப் பேசுவதில்லை. இது தவறான நடவடிக்கையா, எழுத்துத்தமிழுக்கும் பேச்சுத்தமிழுக்கும் உள்ள உறவைப் பற்றிய தெளிவின்மையா என்பதை ஆசிரியரிடம் பேசித்தான் அறிய முடியும்.

சிங்கப்பூரில் இதற்கென வரையறுத்த சட்டகம் இருக்கிறதா?

கல்வி அமைச்சின் ‘சிங்கப்பூர்க் கற்பித்தல் நடைமுறை’ என்ற சட்டகம் கற்பித்தலை நான்கு பகுதிகளாகப் பிரிக்கிறது: வகுப்பறையில் நல்ல சூழலை உருவாக்குதல், பாடத்தைத் தயாரித்தல், பாடத்தை நடத்துதல், மதிப்பிட்டுக் கருத்துரைத்தல். இவற்றின்கீழ் 24 கூறுகள் உள்ளன. கற்போரின் தன்மையைக் கருதுதல், பாடப்பொருளைத் தெரிந்தெடுத்து வரிசைப்படுத்துதல், முக்கிய வினாக்களைத் திட்டமிடுதல் ஆகியவை தயாரிப்புப் பகுதியில் வருகின்றன. மேலே பேசியவற்றுக்கெல்லாம் அங்கே இடம் உண்டு.

ஆண்டுதோறும் நடைபெறும் பணித்திறன் மதிப்பீடு வேறு, ஒரு பாடக்குறிப்பின்மேல் நடக்கும் உரையாடல் வேறு. பணி முன்னேற்றத்தோடு தொடர்புடைய மதிப்பீட்டில் தம் குறைகளை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அது மனித இயல்பு. ஆகவே இரண்டையும் ஒரே நாளில், ஒரே அறையில் வைக்காமல் இருப்பது நல்லது.

பட்டம் பெற்று, தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சியும் முடித்தவரின் பாட அறிவை மீண்டும் மதிப்பிடுவது அவரை அவமதிப்பதாகாதா?

பட்டம் ஒன்றைக் காட்டும், கற்பிக்கத் தேவையான அறிவு இன்னொன்று. கணிதத்திலிருந்து ஒரு சான்று: லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 1¾ என்பதை ½ ஆல் வகுப்பதற்குப் பொருத்தமான ஒரு கதைக்கணக்கை உருவாக்கச் சொல்லி ஆசிரியர்களிடம் கேட்டார். 23 அமெரிக்க ஆசிரியர்களில் ஒருவர் மட்டுமே கருத்தளவில் சரியான கணக்கைச் சொன்னார். பலர் ½ ஆல் வகுப்பதையும் 2 ஆல் வகுப்பதையும் குழப்பிக்கொண்டார்கள். 72 சீன ஆசிரியர்களில் 90 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்கள் பட்டதாரிகள். சீன ஆசிரியர்கள் பள்ளிக்கல்வியிலும் ஆசிரியர் பயிற்சியிலுமாக அவர்களைவிடக் குறைந்த ஆண்டுகளே படித்தவர்கள். ஆனால் தாம் நடத்தும் பாடத்தைச் சக ஆசிரியர்களோடு சேர்ந்து இடைவிடாமல் ஆராய்ந்தவர்கள்.

அவமதிப்பு என்பது கேட்கும் விதத்தில் இருக்கிறது. மூத்த ஆசிரியரின் முன் அமர்ந்து, “ஐயா, இது தவறு” என்று தொடங்குபவருக்கு நல்ல பதில் கிடைக்காது. “ஐயா, இந்த எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுத்தபோது உங்கள் மனத்தில் இருந்தது என்ன?” என்று தொடங்கினால், பெரும்பாலும் கேட்டவரே ஏதாவது கற்றுக்கொண்டு எழுவார்.

மதிப்பிடும் துறைத் தலைவருக்குத் தமிழ் தெரியாது. என்ன செய்வது?

இங்கே இது அபூர்வமான நிலை இல்லை. ஒரு பள்ளியில் தமிழாசிரியர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். மேற்பார்வையாளர் சீனமொழி ஆசிரியராகவோ மலாய்மொழி ஆசிரியராகவோ இருக்கலாம். அவர் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பைப் படித்து முறையைப் பற்றிக் கருத்துச் சொல்லிவிட்டு, பாட அறிவுக்கு நேரான கட்டத்தில் நம்பிக்கையின்பேரில் ஒரு நல்ல மதிப்பெண்ணை இட்டுவிடுவார். அதில் கருணை இருக்கலாம், மதிப்பீடு இல்லை. இதனால் பாதிக்கப்படுபவர் ஆசிரியரே. பத்தாண்டு பணியாற்றியும் தம் தமிழைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லாத நிலையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

இதற்கு மூன்று வழிகள் கைகொடுத்திருக்கின்றன. பக்கத்துப் பள்ளியின் மூத்த தமிழாசிரியரிடம் குறிப்பின் பாடப்பொருள் பகுதியை மட்டும் காட்டிக் கருத்துப் பெறுவது ஒன்று. உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களில் பிற பள்ளி ஆசிரியர்களைச் சந்திக்கும்போது பழைய குறிப்பொன்றைக் கையோடு எடுத்துப்போவது இரண்டாவது. மூன்றாவது, தமிழ் தெரியாத தலைவரே செய்யக்கூடியது: “இந்தப் பாடத்தில் மாணவர் வழக்கமாகச் செய்யும் இரண்டு பிழைகளைச் சொல்லுங்கள், அவை ஏன் வருகின்றன என்று எனக்கு விளக்குங்கள்” என்று கேட்பது. விளக்கம் தமிழைப் பற்றியதே ஆனாலும், அது சிந்தித்து வந்ததா, சமாளிப்பா என்பது எந்த மொழிக்காரருக்கும் தெரியும். சீனமொழி ஆசிரியரான என் முன்னாள் தலைவர் ஒருவர் இந்த ஒரே கேள்வியால் என்னைப் பலமுறை வியர்க்கவைத்திருக்கிறார்.

மதிப்பெண் அட்டவணை வேண்டுமா?

வைத்துக்கொள்ளலாம், சிறியதாக. பாடப்பொருளின் சரித்தன்மை, வரிசை, எடுத்துக்காட்டு, பிழை முன்னறிதல், நோக்கத்துக்கும் நடவடிக்கைக்கும் உள்ள பொருத்தம் என ஐந்து போதும். இருவர் தனித்தனியே படித்து மதிப்பிட்டபின் ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் வேறுபடும் இடத்தில்தான் பேசுவதற்கு விஷயம் இருக்கும். குறிப்பின் அழகைப் பார்த்து மற்ற எல்லாக் கட்டங்களிலும் மதிப்பெண் உயர்வது பொதுவான சறுக்கல். தட்டச்சுப் பிழையை ஒரு கணக்கிலும் கருத்துப் பிழையை இன்னொரு கணக்கிலும் எழுதுங்கள். ‘பள்ளி’யில் ஒரு புள்ளி விடுபடுவதும், உரிச்சொல்லைப் பெயரெச்சம் என்று விளக்குவதும் ஒரே எடை உடையவை அல்ல.

இருபது ஆண்டு அனுபவமுள்ளவரும் ஐந்து பக்கக் குறிப்பு எழுத வேண்டுமா?

வேண்டாம். பயிற்சி ஆசிரியர் நீளமாக எழுதுவது சிந்தனையைப் பழக்குவதற்காக. அனுபவமுள்ளவரின் அரைப்பக்கத்தில் மூன்று வினாக்களும் ஒரு எச்சரிக்கையும் இருந்தால் எனக்குப் போதும்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த குறிப்பை எப்படி மதிப்பிடுவது?

மாணவர் கற்றல் தளமான எஸ்எல்எஸ்ஸிலேயே பாடம் வடிவமைக்க உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவி இருக்கிறது. பயன்படுத்தக் கூடாது என்று சொல்வதில் பொருளில்லை. ஆனால் இக்கருவிகள் தரும் குறிப்பில் நோக்கங்களும் நேரப் பகிர்வும் மிக ஒழுங்காக இருக்கும். தமிழ் எடுத்துக்காட்டுகளோ ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவை போல ஒலிக்கும். ஒலியொத்த சொற்கள் கேட்டால் ஒலியொவ்வாத இணைகள் வருவதும் உண்டு. ஆகவே ஆசிரியர் அதில் எதை அடித்தார், எதை மாற்றினார், ஏன் என்பதை எழுதித் தரச் சொல்லலாம். ஒன்றையும் மாற்றவில்லை என்றால், வந்தது பிழையற்றிருந்ததா, படிக்காமலே அனுப்பினாரா என்பதை அடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். ஒரு வகையில் இக்கருவிகள் மதிப்பிடுவோருக்கு நன்மையே செய்திருக்கின்றன: அழகான படிவம் இனி எதற்கும் சான்றில்லை.

பெற்றோர் தம் பிள்ளையின் பாடக்குறிப்பைப் பார்க்கக் கேட்கலாமா?

குறிப்பு ஆசிரியரின் பணிக் கருவி, அதைக் கேட்பதைவிட, “இந்தத் தவணையில் என் பிள்ளை திரும்பத் திரும்பச் செய்யும் பிழை எது?” என்று ஆசிரியரைச் சந்திக்கும்போது கேட்பது பயன் தரும்.

குறிப்பு நன்றாக இருந்தது, வகுப்பு சரியாக அமையவில்லை. மதிப்பீட்டில் எதை எடுத்துக்கொள்வது?

முதலில் எங்கே பிரிந்தது என்று பாருங்கள். மாணவர் எதிர்பாராத ஒன்றைச் சொன்னதும் ஆசிரியர் குறிப்பைவிட்டு விலகி அதைப் பின்தொடர்ந்தார் என்றால், நேரம் போதாமற்போனாலும் அதைக் குறையாக எழுதமாட்டேன். மாணவர் சொன்னது காதில் விழாததுபோல் அடுத்த படிக்குப் போனார் என்றால், வகுப்பு குறித்த நேரத்தில் முடிந்தாலும் அதைப் பற்றிப் பேச வேண்டும். வகுப்பு முடிந்த அன்றே, குறிப்பின் பின்பக்கத்தில், எதிர்பார்த்த பிழைகளில் வந்தவை எவை, எதிர்பாராமல் வந்தவை எவை என்று நான்கு வரி எழுதும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே பாடத்துக்கு அவர் எழுதும் குறிப்பில் அந்த நான்கு வரிகள் எங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன என்பதை, இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துத் தேடிப் பார்க்கலாம்.